பாலாற்றங்கரைப் புழக்கடைத் தோட்டங்களில் பனிக்கால வேலைகள்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கும் நாட்கள் காய்கறித் தோட்டத்திற்கு மிகவும் உகந்தவை. வெயிலின் கொடுமை தணிந்திருக்கும். மண்ணில் ஈரம் நிற்கும். நட்ட நாற்று எளிதில் வேர் பிடிக்கும். வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் பதனிடும் ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில் இப்பருவத்திற்கு மற்றொரு முக்கியத்துவமும் உண்டு. ஆவணி முதல் கார்த்திகை வரை பெய்யும் மழை, கோடையில் கிணற்று நீரால் மண்ணிற் படிந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்குகிறது. அவ்வாறு இறங்கிய உப்பு மீண்டும் மேலே வராமற் காப்பது மார்கழி, தை மாதங்களில் செய்யும் வேலைகளேயாம். இவ்விரு மாதங்களில் அசட்டையாயிருப்பவரது தோட்டம் மாசியிலேயே வெளுத்துப் பூக்கத் தொடங்கும். கவனத்துடன் பாடுபடுவோர் சித்திரை வரையில் கறிக்குக் குறைவின்றி எடுக்கலாம்.

உப்பு வந்த வழி

தோல் பதனிடும் தொழில் இப்பகுதிக்குப் புதியதன்று. முன்னாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல்கள் பதனிடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பெருகிற்று. எம்முறையாயினும், பச்சைத் தோல் கெடாதிருக்க முதலில் உப்பிட்டு வைப்பது வழக்கமாதலால், அதை ஊறவைத்து அலசும் நீரில் உப்பு மிகுதியாகக் கலந்து வெளிவரும். ஒரு கிலோ பதனிட்ட தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறதென்று, வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பிற் கூறப்பட்டுள்ளது. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் சிறிதளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகி விட்டதென்ற விவசாயப் பல்கலைக் கழகத்தாரின் முதற் கணிப்பும் அத்தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. கெடுதல் செய்தவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதற்கு இவ்வழக்கு ஒரு முக்கிய காரணமாகும். 2025 ஜனவரி 30-இல் சுப்ரீம் கோர்ட்டு இவ்விஷயத்தை மறுபடியும் ஆராய்ந்து, பாதிக்கப்பட்டோருக்கு நஷ்ட ஈடு அளிக்கவும், அத்தொகையைக் கெடுதல் செய்தோரிடம் வசூலிக்கவும் உத்தரவிட்டது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்ட பின்னர் கழிவு நீரின் அழுக்கும் துர்நாற்றமும் குறைக்கப்படுகின்றன. ஆயினும், நீரிற் கரைந்துவிட்ட உப்பு சாதாரணச் சுத்திகரிப்பால் நீங்குவதன்று. நிலத்தடியில் முன்னரே இறங்கிய உப்பும் விரைவில் மறைவதில்லை. ஆகவே வழக்கின் முடிவு எதுவாயினும், கிணற்றை நம்பித் தோட்டமிடும் குடும்பம் தன் மண்ணைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீரை அறிதல்

முதல் வேலை கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்புதலாம். விவசாய இலாகாவின் மண் பரிசோதனை நிலையங்களிலும், விரிஞ்சிபுரத்திலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த வேளாண் அறிவியல் நிலையத்திலும் இதற்குரிய ஆலோசனை பெறலாம். சுத்தமான புட்டியை அதே கிணற்று நீரால் இருமுறை அலசி, பின்பு நிரப்பிக் கொடுக்க வேண்டும். நீரின் மின் கடத்துத் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குக் குறைவாயின் எப்பயிருக்கும் அஞ்சவேண்டுவதில்லை. 0.7 முதல் 3 வரை இருப்பின் பயிரைத் தெரிந்து நடவேண்டும். 3-க்கு மேற்பட்டால் அந்நீரை மட்டும் நம்பித் தோட்டமிடுதல் கூடாது.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். 3 டெசிசைமன் உள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் உப்பு உண்டு. நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம் 100 நாள் பாய்ச்சினால் தோட்டத்தில் 20 கிலோ உப்பைக் கொட்டியதாகும். செடி நீரை உறிஞ்சும். வெயில் நீரைக் குடிக்கும். உப்பை எடுத்துச் செல்வார் எவருமில்லை. மழை ஒன்றே அதைக் கழுவ வல்லது.

பரிசோதனைக்கு முன்னரே சில அறிகுறிகளால் உண்மையை ஊகிக்கலாம். பீன்ஸ் முதலில் வாடும். வெங்காயமும் காரட்டும் சிறுத்துப்போம். இலை விளிம்புகள் நெருப்பிற் காட்டியவை போற் கருகும். காலையில் பாரின் உச்சியில் வெண்மையாக உப்புப் பூக்கும்.

கடைசி மழையைத் தேக்குதல்

ஓர் அடி ஆழ மண்ணிலுள்ள உப்பிற் பெரும்பகுதி நீங்கவேண்டுமாயின், ஏறக்குறைய ஓர் அடி நல்ல நீர் அம்மண்ணினூடே கீழிறங்க வேண்டும். ஒரு சென்ட் நிலத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. அது தெருவுக்கு ஓடிவிட்டால் பயனில்லை. ஆதலால் கார்த்திகை முடிவிலும் மார்கழித் தொடக்கத்திலும் வரும் கடைசி மழைகளுக்கு முன் பாத்திகளைக் கொத்திச் சமன்செய்து, நாற்புறமும் அரை அடி உயரம் வரப்பிட்டு, விழுந்த நீர் விழுந்த இடத்திலேயே இறங்கும்படி செய்ய வேண்டும். கெட்டித் தட்டிய அடிமண்ணைக் கடப்பாறையால் இங்குமங்கும் குத்தி விடுதல் நலம்.

கூரையில் விழும் மழையையும் விடலாகாது. 50 சதுர மீட்டர் கூரையின்மீது 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், சேதம் போகச் சுமார் 800 லிட்டர் தொட்டியிற் சேரும். தமிழ் நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டிருத்தலால், பல வீடுகளில் குழாய்கள் முன்னமே உள்ளன. அவற்றைத் துப்புரவு செய்து ஒரு தொட்டிக்குத் திருப்பினாற் போதும். இந்நீரை முதிர்ந்த செடிகளுக்குச் செலவிடாமல், விதை முளைக்கும் பாத்திக்கும் இளநாற்றுக்கும் ஒதுக்கி வைக்க வேண்டும். முளைக்கும் பருவத்திலேதான் பெரும்பாலான காய்கறிகள் உப்புக்கு மிகவும் இளகியவை.

ஜிப்சம் இட்டால் உப்பு நீங்கும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. மண்ணில் சோடியம் மிகுந்து களர் ஆகியிருந்தால் மாத்திரமே ஜிப்சத்தால் நன்மை. அதன் பின்னரும் நல்ல நீர் விட்டுக் கழுவ வேண்டும். வெறும் உவர் மண்ணுக்கு அது மருந்தன்று. பரிசோதனை முடிவைப் பாராமல் மூட்டை வாங்குவது வீண் செலவாகும். தோல் சாலைக் கழிவுச் சேற்றை எருவென்று வாங்கி இடுவதோ பெருந்தவறு. அதிலுள்ள குரோமியம் மக்கிப் போவதில்லை. இட்ட மண்ணிலேயே தங்கிவிடும்.

விதைப்பும் நடவும்

குளிர் காலத்தில் கொத்துமல்லி, வெந்தயம், முள்ளங்கி, அரைக்கீரை, தண்டுக்கீரை ஆகியவை நன்கு வரும். ஒரே நாளில் எல்லா விதையையும் தூவாமல், பத்து நாளைக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் தை முடியும் வரை கீரை அறாது. உவர் நீர் உள்ள இடங்களில் பீட்ரூட்டும் கொத்தவரையும் மற்றவற்றினும் அதிகமாக உப்பைத் தாங்கும், தென்னையும் அவ்வாறே. பீன்ஸ், காரட், வெங்காயம் ஆகியவற்றை மழைநீர்த் தொட்டியுள்ளவர்களே முயலலாம்.

கத்திரி இவ்வட்டாரத்தின் சொந்தப் பயிர். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முட்கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூர் பிரியாணிக்குத் துணையாக இலையில் விழுவதும் கத்திரிக்காயே. இலையிலும் காம்பிலும் முள்ளுடைய இவ்வினத்தை இரண்டு செடியேனும் வீட்டில் வைத்து, முதற் காய்களில் நன்கு பருத்ததொன்றைப் பழுக்கவிட்டு விதைக்கு எடுத்தல் வேண்டும்.

நடும்போது ஒரு சிறு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நீர் பாயும் சாலிலிருந்து ஈரம் பாரின் உச்சிக்கு ஏறி, அங்கே காய்ந்து உப்பை விட்டுச் செல்கிறது. ஆதலால் உவர் நீர் பாயும் தோட்டத்தில் நாற்றைப் பாரின் உச்சியில் நடாமல், அதன் சரிவில், நீர் மட்டத்திற்குச் சற்று மேலே நடவேண்டும். இவ்விதம் நட்டால் வேரைச் சுற்றியுள்ள மண்ணில் உப்பு குறைந்தே இருக்கும்.

மூடாக்கும் அதனடியில் வரும் விருந்தினரும்

பனி நாட்களிற் பகல் வெயில் மிதமாகவே தோன்றினும், வறண்ட காற்று மண்ணின் ஈரத்தை விடாது இழுக்கும். ஈரம் மேலேறுந்தோறும் கீழே இறங்கிய உப்பும் உடன் ஏறும். மார்கழி பிறந்தவுடன் காய்ந்த வேப்பந்தழை, புங்கந்தழை, கரும்புத் தோகை, கடலைத் தொலி முதலியவற்றை மூன்று விரற்கடைக் கனத்திற்குப் பாத்தியின்மேல் பரப்புதல் இப்பருவத்தின் தலையாய வேலையாகும். சருகைக் கூட்டிக் கொளுத்துவோர் தம் தோட்டத்தின் போர்வையையே கொளுத்துகின்றனர்.

மூடாக்கின் அடியில் மண்புழு, கரையான், சிறு வண்டுகள் பெருகும். அவற்றை நாடிப் பறவைகள் வரும். அவற்றுள் அழகிற் சிறந்தது ஆறுமணிக் குருவி. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, ஐப்பசி முதல் பங்குனி வரை தென்னாட்டில் தங்குவது இது. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. பச்சை முதுகும் மங்கிய மஞ்சள் மார்பும் சிவந்த அடிவயிறும் குட்டை வாலும் கொண்ட இக்குருவி, சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்னும். விதையையும் கீரையையும் தொடாது. இரவிற் பறந்து வந்த களைப்பால் சில சமயம் வீட்டுக்குள் விழுந்து கிடக்கும். அவ்வாறு கண்டால் காற்றோட்டமுள்ள பெட்டியில் இருட்டாக வைத்திருந்து, அந்தி வேளையில் புதர் ஓரத்தில் விட்டுவிட வேண்டும். நீர் பாயும் வாய்க்காலோரம் வாலை ஆட்டிக்கொண்டு திரியும் வாலாட்டிக் குருவியும், வேலி முள்ளில் அமர்ந்து வெட்டுக்கிளிக்குக் காத்திருக்கும் பழுப்புக் கீச்சானும் இப்பருவத்து விருந்தினரே.

தேரையைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். தோலின் வழியாகவே நீரை உறிஞ்சும் பிராணியாதலால், உவர் மிகுந்த இடத்தில் அது தங்காது. மழை இரவில் தவளை தேரைகளின் குரல் குன்றிவருமாயின் நீரைப் பரிசோதிக்க அதுவே தக்க தருணம். தொட்டியினடியில் ஒளிந்திருக்கும் தேரையை அருவருப்பால் அடித்துக் கொல்லுதல் தகாது. அது இரவெல்லாம் பூச்சிகளைத் தின்று தோட்டத்திற்கு ஊழியம் செய்கிறது.

பனிக்காலப் பூச்சிகள்

அவரை மார்கழியிற் பூத்துக் காய்க்கும். அதே சமயம் கொழுந்திலும் பூங்கொத்திலும் கறுத்த அசுவினி மொய்க்கும். மருந்து தெளிக்குமுன் கூர்ந்து நோக்க வேண்டும். சிவந்த முதுகிற் கரும்புள்ளியுடைய பொறிவண்டும், முதலைக் குட்டி போன்ற அதன் புழுவும் கூட்டத்திடையே காணப்பட்டால், சில நாள் பொறுத்தால் அவையே அசுவினியைத் தின்று குறைத்துவிடும். காணாவிடில் நுனிகளைக் கிள்ளி அழித்து, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். காலையில் தேனீக்கள் பூக்களில் இருக்குமாதலால் அப்போது தெளித்தல் கூடாது.

முருங்கையில் மழைக்குப் பின் கம்பளிப் பூச்சிகள் தோன்றும். இரவில் இலையைத் தின்று, பகலில் அடிமரத்தில் திரளாக ஒட்டிக்கொண்டிருக்கும். அச்சமயத்தில் நீண்ட கழியின் நுனியிற் கட்டிய பந்தத்தால் மரப்பட்டை வேகாதபடி தடவிவிட்டால் ஒரே நாளில் ஒழியும். குழந்தைகளை அருகில் விடலாகாது. உரோமம் பட்டால் உடல் தடிக்கும்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போன்ற ஒன்று இலைமேல் ஒட்டியிருக்கக் காணலாம். அது எலுமிச்சை வண்ணத்துப் பூச்சியின் இளம் புழு. வளர்ந்தபின் பச்சை நிறமாகும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து இரண்டு கொம்புகளை நீட்டி நாற்றம் வீசும். சிறு கன்றுகளில் கையாற் பொறுக்கி எடுத்தால் போதும். பெரிய மரத்திற்கு இதனாற் கேடில்லை.

ஆப்பிரிக்க நத்தை புகுந்த தோட்டங்களில் அதன்மேல் உப்பைத் தூவிக் கொல்லும் வழக்கம் உண்டு. உப்பால் வருந்தும் இவ்வட்டாரத்தில் மண்ணின்மேல் மேலும் உப்பைத் தூவுதல் அறிவுடைமையாகாது. மாலையில் ஈரச்சாக்கை விரித்து, பப்பாளித் தோலையும் முட்டைக்கோசுத் தழையையும் இட்டு வைத்தால் நத்தைகள் அதனடியிற் கூடும். விடியலிற் கையுறையோடு பொறுக்கி, உப்பு நீர் நிறைந்த வாளியில் இட்டுக் கொன்று, அந்நீர் பாத்தியிற் படாதபடி அப்புறப்படுத்த வேண்டும்.

வேலியோரத்தில் ஆவாரை இருந்தால் வெட்டி எறிதல் வேண்டாம். ஒரு காலத்தில் பட்டைக்காகத் தேடப்பட்ட இச்செடி, இன்று நீரற்ற மண்ணிலும் பூத்துத் தேனீக்களை அழைக்கும் உயிர்வேலியாக நிற்கிறது. இளமஞ்சள் வண்ணத்துப் பூச்சிகள் முட்டையிடுவதும் இதிலேயே.

எருக்குழியும் மரமும்

தை பிறக்குமுன் எருக்குழியை ஒருமுறை புரட்டிவிட வேண்டும். தென்னையுள்ள வீடுகளில் இது இரட்டிப்பு நன்மை தரும். காண்டாமிருக வண்டின் பருத்த வெண்புழுக்கள் எருவில் வளருமாதலால், புரட்டும்போது வெளிவருவனவற்றைக் கோழிகளுக்கும் மைனாக்களுக்கும் விட்டால் அடுத்த ஆண்டு தென்னங்குருத்து தப்பும்.

நிழல் மரங்களைக் கழிக்கும்போது பொந்துள்ள கிளைகளை நோக்க வேண்டும். புள்ளி ஆந்தை கார்த்திகை முதல் சித்திரை வரை பொந்துகளிற் கூடு வைக்கும். ஆந்தை அலறினால் ஆகாதென்பது வீண் பயம். எலியையும் வண்டையும் பிடிக்கும் இப்பறவை ஒரு ஜோடி வாழும் தோட்டத்தில் எலிப் பொறிக்கு வேலை குறைவு. பொந்துக் கிளையைக் கோடை கழியும் மட்டும் விட்டு வைத்தல் குடும்பத்திற்கே லாபம்.

பாம்புகள்

விறகு அடுக்கு, ஓட்டுக் குவியல், எருக்குழி ஆகியவற்றைக் கிளறும் இப்பருவத்தில் பாம்புகள் எதிர்ப்படலாம். சாரைப் பாம்பு விஷமற்றது, எலிகளை வேட்டையாடுவது. அரணை கடித்தால் மரணம் என்பதும் ஆதாரமற்ற பேச்சு. அரணைக்கு விஷமே இல்லை. உயிருக்கு அபாயம் விளைவிக்கும் பாம்புகளில் முக்கியமானவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்காம். கண்ணாடி விரியன் இணை சேரும் காலம் குளிர்காலமாதலால் இம்மாதங்களில் மிகவும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

குவியலில் கையை நுழைக்குமுன் நீண்ட கழியாற் கிளறுதல், இரவில் விளக்கின்றித் தோட்டத்திற்குச் செல்லாமை, காலுக்குச் செருப்பிடுதல், வீட்டுச் சுவரையொட்டி விறகடுக்காமை ஆகிய இந்நான்கும் பெரும்பாலான விபத்துக்களைத் தடுக்கும். பாம்பைக் கண்டால் அடிக்க முயலாமல் விலகி நின்று, தீயணைப்பு நிலையத்திற்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். கடித்துவிட்டால், கடிவாயைக் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், இறுகக் கயிறு கட்டுதலும் தீமையே தரும். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் நோயாளியைப் படுக்கவைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும். கட்டுவிரியனின் கடியில் வலியே தெரியாதிருக்கலாம். ஆகவே வலி இல்லையென்று காத்திருத்தல் உயிருக்கு ஆபத்து.

தை முடிவிற் செய்ய வேண்டியது

தை கழியும் தறுவாயில் மூடாக்கை விலக்கி மண்ணை ஒரு பிடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஈரமும் மண்புழுவும் இருந்து வெண்பூப்பு இல்லையாயின் மழையின் பயன் காக்கப்பட்டதென்று அறியலாம். கலைந்த இடத்தில் தழையைச் சேர்த்து, பகலில் அடிக்கடி சிறிது சிறிதாக நீர் தெளிப்பதை விடுத்து, மாலையில் இடைவெளிவிட்டு ஆழ நனையும்படி பாய்ச்ச வேண்டும். உப்பு இலையிற் படியாதிருக்க, வேரடியில் மட்டும் நீர் விடுதல் நன்று.

பாலாற்றின் நீர் பழைய நிலைக்குத் திரும்புவது ஒரு குடும்பத்தின் கையில் இல்லை. அதற்குக் கோர்ட்டுகளும் சர்க்காரும் தொழிற்சாலையினரும் பொறுப்பாளிகள். ஆனால் வீட்டின் பின்புறமுள்ள நாலு சென்ட் மண்ணில் விழும் மழையைத் தேக்குவதும், தழையால் மூடுவதும், தேரையையும் ஆந்தையையும் வாழவிடுவதும் ஒவ்வொருவருக்கும் இயலும். இவற்றிற்குப் பணம் அதிகம் வேண்டுவதில்லை. காலத்திற் செய்யும் உழைப்பே வேண்டும்.